உலோகம் சேர்த்தும் நிறமாலை சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

புரதத்தில் செம்பு ஏறுகிறதா, துத்தநாகம் ஏறுகிறதா, எத்தனை ஏறுகிறது, எவ்வளவு இறுக்கமாக ஏறுகிறது என்று யூவி–விசிபிள் கருவியிலும் (ஒளி உறிஞ்சலை அளப்பது) ஃப்ளோரிமீட்டரிலும் (ஒளிர்வை அளப்பது) பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் யாராவது அச்செடுத்த கிராஃபோடு வந்து நின்றால், பத்தில் எட்டு முறை சிக்கல் புரதத்தில் இருக்காது. அதே குழாயில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இன்னொன்று இருக்கும்: பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்), மிச்சமிருந்த ஈடிடிஏ (உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும் வேதிப்பொருள்), டிடிடி (சிஸ்டீனை ஆக்சிஜனேற்றம் ஆகாமல் வைக்கும் ஒடுக்கி), புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டிவைத்த ஹிஸ்டிடின் வால், ஏன், கழுவாத கண்ணாடிகூட. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு குழாய்களைப் போட்டுவிடுங்கள். ஒன்றில் புரதம் இல்லாமல் பஃபர் மட்டும், அதில் நீங்கள் சேர்க்கும் அதே அளவு உலோகம். இன்னொன்றில் புரதமும் உலோகமும் சேர்த்து முடித்த பிறகு, உலோகத்தைவிடக் கூடுதலாக ஈடிடிஏ. முதல் குழாயில் எதுவும் நடக்கக்கூடாது. இரண்டாவதில் நீங்கள் பார்த்த மாற்றம் பின்வாங்க வேண்டும். இந்த இரண்டையும் போடாமல் கீழே படித்துப் பயனில்லை.

## அறிகுறி 1: உலோகம் சேர்க்கிறேன், எதுவுமே அசையவில்லை

சேர்த்தது துத்தநாகமா? அப்படியென்றால் கருவி சரியாகத்தான் இருக்கிறது. துத்தநாகத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற பட்டையே கிடையாது. அதன் இடத்தில் கோபால்ட்டைப் போட்டுப் பாருங்கள். புரதத்தின் நான்கு அணுக்கள் சுற்றிப் பிடித்த கோபால்ட் 600 முதல் 750 நானோமீட்டருக்குள் நல்ல பட்டை தரும், மோலார் உறிஞ்சல் கெழு (ஒரு மோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டர் பாதையில் தரும் உறிஞ்சல்) சில நூறுகளில் இருக்கும். சிஸ்டீன் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) பிடித்திருந்தால் 300–350 பக்கத்திலும் ஏறும். 510 பக்கத்தில் வெளிறிய இளஞ்சிவப்பு மட்டும் தெரிந்தால் அது தண்ணீரில் மிதக்கும் கோபால்ட், புரதத்தில் ஏறவில்லை. துத்தநாகத்தையேதான் அளக்க வேண்டும் என்றால் சாயம் வேண்டும், அதற்கு அறிகுறி 5-க்குப் போங்கள்.

சேர்த்தது செம்பா? அப்போது கணக்கைப் போடுங்கள். ஆல்புமினின் முனையில் இருக்கும் செம்பு இடம் 525 நானோமீட்டர் பக்கத்தில் ஊதா நிறம் தரும், ஆனால் அதன் கெழு சுமார் 100 தான். 20 மைக்ரோமோலார் புரதம் வைத்தால் உறிஞ்சல் 0.002, அதாவது கருவியின் இரைச்சலுக்குள்ளேயே முடிந்துவிடும். அரை மில்லிமோலார் வைத்தால்தான் 0.05 வரும். மாட்டு ஆல்புமினில் அது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 33 மில்லிகிராம், மலிவுதான், அதனால் முதலில் ஆல்புமினை வைத்து இந்த ஊதாவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். உங்கள் கையும் கருவியும் செம்புக் கரைசலும் சரியாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அது வந்து உங்கள் புரதத்தில் வரவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஈடிடிஏ மிச்சம் இருக்கிறதா? பாக்டீரியாவை உடைக்கும்போது போட்ட புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையில் ஈடிடிஏ இருந்ததா என்று டப்பாவைப் பாருங்கள், ஈடிடிஏ இல்லாத வகை தனியாக விற்கிறது. டிஇவி என்சைமால் வாலை வெட்டியிருந்தால் அந்த என்சைம் இருந்த பஃபரில் பெரும்பாலும் ஈடிடிஏயும் டிடிடியும் இருக்கும். ஒருமுறை டயாலிசிஸ் செய்துவிட்டேன் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, எத்தனை மடங்கு தண்ணீர், எத்தனை முறை மாற்றினீர்கள் என்றுதான். 1 மில்லிமோலார் ஈடிடிஏயை ஆயிரம் மடங்கில் ஒரே ஒரு முறை மாற்றி, அது முழுதாக வெளியேறியிருந்தாலும் 1 மைக்ரோமோலார் நிற்கும். புரதமே 2 மைக்ரோமோலார் என்றால் முதலில் சேர்க்கிற உலோகத்தில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். அடையாளம் இதுதான்: ஆரம்பத்தில் சில சேர்ப்புகளுக்குக் கோடு படுத்தே கிடக்கும், அப்புறம் திடீரென்று ஏற ஆரம்பிக்கும். டீசால்டிங் காலமில் (சின்ன மூலக்கூறுகளைப் புரதத்திலிருந்து பிரிக்கும் குழல்) ஒருமுறை ஓட்டிவிட்டு, மூன்று முறை மாற்றி டயாலிசிஸ் செய்யுங்கள்.

இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா? ஈ.கோலைக்குள் வளர்ந்த புரதம் அங்கிருந்தே துத்தநாகத்தையோ இரும்பையோ தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம், நிக்கல் காலமில் இருந்து நிக்கலையும். புரதத்தைக் குவானிடின் போட்டுக் குலைத்து, உலோகத்தைப் பிடித்து நிறம் மாறும் பிஏஆர் சாயம் சேருங்கள். மஞ்சளில் இருந்து ஆரஞ்சுச் சிவப்புக்குப் போய் 500 நானோமீட்டர் பக்கத்தில் பீக் வந்தால் உள்ளே உலோகம் இருக்கிறது. எந்த உலோகம் என்று பிஏஆர் சொல்லாது, செம்பு நிக்கல் கோபால்ட் எல்லாவற்றுக்கும் அது நிறம் மாறும்.

சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டனவா? டிடிஎன்பி (ஆக்சிஜனேற்றம் ஆகாத சிஸ்டீனோடு சேர்ந்து மஞ்சளாகும் வேதிப்பொருள்) சேர்த்து 412 நானோமீட்டரில் எண்ணுங்கள், கெழு 14,150. நான்கு சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை வந்தால் உலோகத்துக்குப் பிடிமானமே இல்லை. டிடிடி, அதைப் போன்ற இன்னொரு ஒடுக்கியான டிசெப் இரண்டும் இந்தச் சோதனையைக் கெடுக்கும், முன்னதாக நீக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும் அசையவில்லையா? ஐசிபி–எம்எஸ் (எந்த உலோகம் எவ்வளவு என்று அளந்து சொல்லும் கருவி) இருக்கும் இடத்துக்கு மாதிரியை அனுப்புங்கள். என்ன அனுப்ப வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

## அறிகுறி 2: பேஸ்லைன் மொத்தமாக மேலே ஏறுகிறது

ஒவ்வொரு சேர்ப்புக்கும் கோடு முழுவதுமே ஏறி, இடது பக்கம் செங்குத்தாகத் தூக்கினால் அது உறிஞ்சல் இல்லை, கலங்கல். 350 நானோமீட்டரில் எண்ணைப் பாருங்கள். சாதாரணப் புரதம் அங்கே எதையும் உறிஞ்சாது, அங்கே 0.02-க்கு மேல் ஏறிக்கொண்டே போனால் டைட்ரேஷனை (உலோகத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளப்பதை) நிறுத்துங்கள். நிறமுள்ள உலோகமாக இருந்தால் அதற்கு உறிஞ்சலே இல்லாத இன்னொரு அலைநீளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எளிய காரணம் குமிழி, கைரேகை, க்யூவெட்டின் வெளியே கோத்த ஈரம். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் மே மாதம் 10 டிகிரிக்கு க்யூவெட்டைக் குளிர்வித்தால் இரண்டே நிமிடத்தில் அதன் மேல் பனி படரும். உலர்ந்த நைட்ரஜனை மெல்ல ஓட்டுங்கள், இல்லையென்றால் 25 டிகிரியிலேயே செய்யுங்கள்.

அடுத்தது பஃபர். பாஸ்பேட்டில் துத்தநாகம் படிந்துவிடும். பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் புரதத்தைக் கொண்டுவந்து அப்படியே துத்தநாகம் ஊற்றுகிற தவற்றை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. செம்பு நடுநிலை பிஎச்சில் ஹைட்ராக்சைடாகப் படியும், மூன்றாம் நிலை இரும்பு (Fe³⁺) இன்னும் மோசம், அதைச் சிட்ரேட்டோ என்டிஏவோ பிடித்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். புரதம் இல்லாத முதல் குழாய் கலங்கினால் பஃபரை மாற்றுங்கள், வேறு ஆராய்ச்சி தேவையில்லை. மோப்ஸ், ஹெப்பிஸ், பைப்ஸ் ஆகிய பஃபர்களில் தொடங்கலாம். டிரிஸ் பஃபர் கலங்காது, ஆனால் செம்பை அது தானே பிடித்துக்கொள்ளும், அதனால் பிணைப்பு உண்மையைவிடத் தளர்வாகத் தெரியும்.

பஃபர் குழாய் தெளிவாக இருந்து புரதக் குழாய் மட்டும் கலங்கினால் புரதம்தான் திரள்கிறது. பத்து நிமிடம் வேகமாகச் சுழற்றி, மேலே நிற்கும் நீரில் 280 நானோமீட்டர் உறிஞ்சலை (புரதத்தின் அளவைச் சொல்வது) மறுபடி அளங்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு படிந்துவிட்டது. உலோகக் கரைசலை நீர்த்துப்போகச் செய்து, கலக்கிக்கொண்டே சிறு சிறு சொட்டாகச் சேர்ப்பது பாதிப் பேருக்குத் தீர்வாகிவிடுகிறது, ஏனென்றால் பிப்பெட் நுனியில் ஒரு கணம் உலோகச் செறிவு பல மடங்காக இருக்கும், திரள்வது அங்கேதான் தொடங்கும். செம்புக்குக் கிளைசின் மாதிரி வலுக்குறைந்த ஒரு பிடிப்பானோடு சேர்த்துக் கொடுப்பதும் உதவும். அதற்கப்புறமும் திரண்டால் ஒளிச்சிதறல் கருவி வைத்திருப்பவரிடம் போங்கள்.

## அறிகுறி 3: ஒளிர்வு குறைகிறது, ஆனால் எங்கேயும் நிற்கவில்லை

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், தவறான பிணைப்பு எண்கள் அதிகம் பிறக்கிற இடம் இது. செம்பு சேர்க்கச் சேர்க்க, புரதத்தில் தானே ஒளிரும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தின் ஒளிர்வு இறங்கும், கிராஃபும் அழகாக வளைந்திருக்கும், மென்பொருளில் போட்டால் ஒரு எண்ணும் வந்துவிடும். அந்த எண் பிணைப்பைத்தான் சொல்கிறதா என்பதே கேள்வி.

முதலில் நீர்த்தல். 2 மில்லிலிட்டரில் மொத்தம் 200 மைக்ரோலிட்டர் சேர்த்திருந்தால் ஒன்பது சதவீத இறக்கம் சும்மாவே வரும். செறிந்த கரைசலில் இருந்து சேர்த்து மொத்தத்தை 2 சதவீதத்துக்குள் வையுங்கள்.

அப்புறம் ஒளியால் வெளுப்பு. உலோகமே சேர்க்காமல், அதே நேர இடைவெளியில் பத்து முறை அளந்து பாருங்கள். இறங்கினால் விளக்கின் ஒளி டிரிப்டோபனைத் தின்கிறது. ஷட்டரை அளவுகளுக்கு இடையே மூடுங்கள், தூண்டல் பக்கத்துப் பிளவை (ஒளி நுழையும் சந்து) குறுக்குங்கள்.

மூன்றாவது, உள்வடிப்பு, அதாவது கரைசலே ஒளியை உறிஞ்சிக்கொள்வது. தூண்டும் அலைநீளத்திலும் வெளிவரும் அலைநீளத்திலும் உங்கள் கரைசலின் உறிஞ்சலை யூவியில் தனியாக அளங்கள். இரண்டும் சேர்ந்து 0.2 என்றால், எந்தப் பிணைப்பும் இல்லாமலே ஒளிர்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். திருத்தம் எளிது: இரண்டு உறிஞ்சலையும் கூட்டி, பாதியாக்கி, பத்தின் அடுக்காகப் போட்டு, அளந்த ஒளிர்வைப் பெருக்குங்கள். கூட்டுத்தொகை 0.1-க்குள் இருக்குமாறு நீர்த்து வைப்பது இன்னும் நல்லது. செம்பு புரதத்தில் ஏறும்போது 300 பக்கத்தில் புதிய உறிஞ்சல் வரலாம் என்பதால், திருத்தத்தை முதல் புள்ளிக்கு மட்டும் போட்டால் போதாது, ஒவ்வொரு சேர்ப்புக்கும் அளக்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். என்–அசிட்டைல் டிரிப்டோபனமைடு என்ற சின்ன மூலக்கூறை வாங்கி, அதே பஃபரில், அதே உறிஞ்சலுக்குக் கரைத்து, அதே அளவு செம்பைச் சேருங்கள். அதற்குச் செம்பைப் பிடிக்க இடம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. அதிலும் உங்கள் புரதம் அளவுக்கே இறங்கினால், நீங்கள் பார்த்தது செம்பு மோதியதால் ஒளிர்வு அணைந்தது, பிணைப்பு இல்லை. புரதத்தில் செங்குத்தாக இறங்கி ஒன்று இரண்டு சமானத்தில் (ஒரு புரதத்துக்கு ஒன்றோ இரண்டோ செம்பு) நின்று, இதில் மெல்லிய சாய்வு மட்டும் இருந்தால் மனம் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம்.

இன்னொன்று, 295-இல் தூண்டும்போது 328 பக்கத்தில் ஒரு சின்னக் கூம்பு தெரிந்தால் அது தண்ணீரின் ராமன் பீக். தூண்டலை மாற்றினால் அதுவும் கூடவே நகரும். பஃபர் மட்டும் வைத்து அளந்த பிளாங்க்கைக் கழித்துவிடுங்கள்.

## அறிகுறி 4: கணக்கு பொருந்தவில்லை: அரை உலோகம், மூன்று உலோகம்

ஒரு புரத மூலக்கூறுக்கு அரை உலோகம், முக்கால் உலோகம் என்று வந்தால் புரதச் செறிவில் பிழை இருக்கலாம், அல்லது பாதிப் புரதம் செத்திருக்கலாம், அல்லது உலோகக் கரைசல் லேபிளில் உள்ளதைவிடச் செறிவாக இருக்கலாம். துத்தநாகக் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும், திறந்து மூடிய பழைய புட்டியில் இருந்து எடை போட்டு வைத்த கரைசலை நம்பவே கூடாது, அதில் குறைவாகத்தான் இருக்கும், அப்போது கணக்கு மேல் பக்கம் பிசகும். அணு உறிஞ்சல் கருவிக்கு விற்கும் 1000 பிபிஎம் திட்டக் கரைசலை வாங்குங்கள், துத்தநாகம் என்றால் அது 15.3 மில்லிமோலார். ஒரே எச்சரிக்கை, அது பெரும்பாலும் 2 சதவீத நைட்ரிக் அமிலத்தில் வரும். 1 மில்லிலிட்டர் மாதிரியில் 10 மைக்ரோலிட்டர் ஊற்றினால் 3 மில்லிமோலார் அமிலம் சேர்கிறது, 20 மில்லிமோலார் பஃபரில் பிஎச் 0.3 அளவு இறங்கும், ஹிஸ்டிடின் பிடிக்கிற இடத்துக்கு அது சின்ன விஷயமில்லை. முன்கூட்டியே பஃபரில் நீர்த்து, பிஎச் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

புரதச் செறிவை 280-இல் அளப்பதுதான் நல்லது. டிரிப்டோபனுக்கு 5,500, டைரோசினுக்கு 1,490, டைசல்பைடுக்கு 125 என்று கூட்டிக்கொள்ளலாம். புரதச் செறிவை அளக்கும் இன்னொரு வழியான பிசிஏ முறை செம்பையே நம்பி இருப்பது, ஈடிடிஏயோ டிடிடியோ இருந்தால் பொய் சொல்லும். மெட்டலோதயோனீன் மாதிரி டிரிப்டோபனும் டைரோசினும் இல்லாத புரதத்தில் 280 உறிஞ்சல் ஏறக்குறைய பூஜ்யம்தான், அதில் இருக்கும் 20 சிஸ்டீனை டிடிஎன்பி கொண்டு எண்ணுவதே வழி.

ஒன்று கூடுதலாக வந்தால் முதல் சந்தேகம் ஆறு ஹிஸ்டிடின் வால்தான். நிக்கலைப் பிடிப்பதற்கென்றே வைத்த வால் செம்பையும் துத்தநாகத்தையும் விட்டுவைக்குமா? வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். வெட்ட முடியாத கட்டுமானமாக இருந்தால், குளோனிங்குக்கே திரும்பிப் போய் வேறு வால் வைப்பதுதான் நியாயம். செலவுதான், ஆனால் வாலோடு எடுத்த எண்ணை வைத்து எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பும்போது இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். வாலை வெட்டிய பிறகும் முனையில் மூன்றாவது அமினோ அமிலம் ஹிஸ்டிடினாக இருக்கிறதா என்று வரிசையைப் பாருங்கள், அந்த அமைப்பு ஆல்புமினைப் போலவே செம்பை மிக இறுக்கமாகப் பிடிக்கும்.

## அறிகுறி 5: கோடு நேராக ஏறி, சட்டென்று முறிந்து படுத்துவிடுகிறது

இது பிழை இல்லை, நல்ல செய்தி. எத்தனை உலோகம் என்பது அந்த முறியும் இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதே கோட்டை வைத்துப் பிணைப்பு மாறிலியை (சின்னதாக இருந்தால் பிடிப்பு இறுக்கம்) கணக்கிட்டால் வருவது வெறும் எண். 10 மைக்ரோமோலார் புரதம் வைத்து, உண்மையான மாறிலி 1 நானோமோலாராக இருந்தாலும் அதற்கும் ஆயிரம் மடங்கு இறுக்கமாக இருந்தாலும் கோடு ஒரே மாதிரிதான் இருக்கும்.

வழி என்ன? முதலில் புரதத்தைக் கருவி தாங்கும் அளவுக்கு நீர்த்துப் பாருங்கள். போதவில்லை என்றால் போட்டிக்கு ஆள் விட வேண்டும், அதாவது அதே உலோகத்தைப் பிடிக்கும் இன்னொரு மூலக்கூறைச் சேர்க்க வேண்டும். துத்தநாகத்துக்கு மேக்–ஃபியூரா–2 சாயம் நல்லது, தனியாக இருக்கும்போது 366 நானோமீட்டரில் உறிஞ்சும், துத்தநாகம் ஏறினால் 325-இல், அதன் மாறிலி சுமார் 20 நானோமோலார். அதைவிட இறுக்கமான புரதத்துக்கு அதைவிட இறுக்கமான போட்டியாளர். செம்புக்குக் கிளைசின், ஹிஸ்டிடின், என்டிஏ என்று படிப்படியாக ஏறலாம். ஒரே போட்டியாளரோடு நிற்காதீர்கள். இரண்டு வெவ்வேறு போட்டியாளர்கள் ஒரே எண்ணைத் தரும்வரை எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு பீட்டாவுக்கும் செம்புக்கும் மைக்ரோமோலாரில் இருந்து நானோமோலாருக்கும் கீழே வரை எண்கள் அச்சாகியிருக்கின்றன, அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி பஃபரும் முறையும் கொண்டுவந்தது.

## அறிகுறி 6: நிறம் வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது

செம்பும் சிஸ்டீனும் சந்தித்தால் செம்பு இரண்டாம் நிலையில் (Cu²⁺) இருந்து முதல் நிலைக்கு (Cu⁺) இறங்கி நிறமிழந்துவிடும், சிஸ்டீன் டைசல்பைடாகிவிடும். டிடிடி மிச்சம் இருந்தாலும் இதேதான். சந்தேகம் இருந்தால் பிசிஎஸ் சாயம் சேருங்கள், முதல் நிலைச் செம்பு இருந்தால் 483 நானோமீட்டரில் ஆரஞ்சு நிறம், கெழு 13,000 அளவில். ஒன்றை மறக்க வேண்டாம், பிசிஎஸ் தானே இரண்டாம் நிலைச் செம்பை முதல் நிலைக்கு இழுக்கும், அதனால் கூடவே ஈடிடிஏ போட்டு இரண்டாம் நிலையைக் கட்டிவைத்துவிட்டு, உடனே அளங்கள்.

கோபால்ட்டின் பச்சை, நீலம் பழுப்பாக மாறினால் காற்று உள்ளே வந்துவிட்டது. பஃபரில் அரை மணி நேரம் ஆர்கான் ஓட்டி, ரப்பர் மூடி போட்ட க்யூவெட்டில் ஊசியால் சேருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கையுறைப்பெட்டி (காற்றுப் புகாமல், கையுறை வழியே வேலை செய்யும் பெட்டி) வைத்திருக்கும் ஆய்வகத்தில் ஒரு நாள் இடம் கேளுங்கள். இரண்டாம் நிலை இரும்புக்கு ஆரம்பத்திலேயே கையுறைப்பெட்டிதான்.

## அறிகுறி 7: ஈபிஆரில் தேவையில்லாத கோடுகள்

ஈபிஆர் என்பது இணைசேராத எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் பார்க்கும் முறை. அதில் ஜி மதிப்பு (கோடு விழும் இடத்தைச் சொல்லும் எண்) 4.3-இல் கோடு வந்தால் எங்கிருந்தோ ஒட்டிய இரும்பு. ஆறு கோடு வரிசையாக வந்தால் மாங்கனீஸ். செம்புக் கோடு எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தால் பாதி படிந்துவிட்டதா, ஒடுங்கிவிட்டதா என்று பாருங்கள், இரண்டுமே ஈபிஆருக்குத் தெரியாது. உறையும்போது திரளாமல் இருக்க 10–20 சதவீதம் கிளிசரால் சேருங்கள். விரிசல் கண்ட குழாயைத் திரவ நைட்ரஜனில் விடாதீர்கள், வெளியே எடுக்கும்போது வெடிக்கும்.

## அறிகுறி 8: எல்லா மாதிரியிலும் இரைச்சல்

க்யூவெட்டை மாற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் க்யூவெட்டில் 280 பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குவார்ட்ஸ் வேண்டும். அதையும் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். சிடி (புரதத்தின் மடிப்பைக் காட்டும் நிறமாலை) எடுக்கும்போது 200 நானோமீட்டருக்குக் கீழே துடித்தால் குளோரைடு, இமிடசோல், டிடிடி மூன்றில் ஒன்று இருக்கும். டிடெக்டர் மின்னழுத்தம் 600 வோல்ட்டைத் தாண்டிய பகுதியை வெட்டி எறியுங்கள்.

வெறும் காற்றை வைத்தே கோடு துடித்தால் விளக்கு. டியூட்டீரியம் விளக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மென்பொருளில் பாருங்கள், ஆயிரம் மணி தாண்டியிருந்தால் சந்தேகப்படலாம். அலைநீளம் சரியா என்று பார்க்க அதே விளக்கின் 656.1 கோடு போதும். ஒரு நானோமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் நீங்களே திருகாணியைத் தொடாதீர்கள், சேவைப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஃப்ளோரிமீட்டரின் செனான் விளக்கை மாற்றுவதும் அவர் வேலைதான், அதற்குள் வாயு எப்போதும் உயர் அழுத்தத்தில் இருக்கிறது, அணைத்துவைத்திருக்கும்போதுகூட.

## வெளியே அனுப்பும்போது

எத்தனை உலோகம் என்ற கேள்விக்கு ஐசிபி–எம்எஸ் முடிவான பதில் தரும். உலோகத்தைச் சுற்றி என்னென்ன அணுக்கள், எவ்வளவு தூரத்தில் என்ற கேள்விக்கு எக்ஸ் கதிர் உறிஞ்சல் நிறமாலை வேண்டும். இந்தூரில் இருக்கும் இண்டஸ்–2-இல் அதற்கான கதிர்வழிகள் உள்ளன. துத்தநாகம் 9659 எலக்ட்ரான்வோல்ட்டில் தெரியும், செம்பு 8979-இல், ஆனால் செம்பைக் கதிரே ஒடுக்கிவிடும் என்பதால் மாதிரியைக் கடுங்குளிரில் வைத்து அளக்க முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐசிபிக்கு அனுப்பும்போது புரதத்தை மட்டும் அனுப்பாதீர்கள். கடைசி டயாலிசிஸ் பையின் வெளியே இருந்த பஃபரையும் அதே மாதிரிக் குழாயில் ஊற்றி அனுப்புங்கள். அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி வேண்டாம். அனுப்பிய அன்றைக்கே 280-ஐ அளந்து குழாயின் மேல் எழுதிவிடுங்கள், ஏனென்றால் அவர்கள் உலோகத்தின் அளவை மட்டும்தான் சொல்வார்கள், எதால் வகுப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.